அவர்கள் விதைப்பு தொடங்கும் வரை

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். பெயர் வைத்தவர் இயக்குநர். "அகராதி புடிச்சவன்னு சின்ன வயசுல வீட்ல திட்டுவாங்க. இங்க அதையே பட்டமா குடுத்துட்டாங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வயதில் சிறியவர்கள் அகராதி அக்கா என்றார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்த கணவர் மட்டும், வாக்குவாதத்தில் தோற்கப்போகிற கட்டத்தில், "உன்கிட்ட வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி பக்கம் புரட்டிப் பார்த்துட்டு வரணும்" என்பார்.

அவள் வேலை பார்த்தது ஒரு வெளியுறவு ஆய்வு நிறுவனத்தில். அரசாங்கத்துடையது இல்லை, எந்தக் கட்சிக்கும் சொந்தம் இல்லை. சுற்றியிருக்கும் நாடுகள் என்ன பேசுகின்றன, என்ன கையெழுத்துப் போடுகின்றன, அதனால் நமக்கு என்ன வரும் என்பதை யாருக்கும் பயப்படாமல் எழுதி அச்சிடுவதுதான் அதன் வேலை. அமைச்சகத்தில் இருப்பவர்களும் படிப்பார்கள், அமைச்சகத்தைத் திட்டுகிறவர்களும் படிப்பார்கள். இருபத்தோரு வருடங்களுக்கு முன்பு ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் இரண்டே அறைகளில் அது தொடங்கியபோது இயக்குநர், ஒரு கணினி, இவள் என்று மூன்று உருப்படிகள்தான் அங்கே இருந்தன. கணினி பாதி நாள் வேலை செய்யாது.

அவளுடைய வேலை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நாட்டின் மொழி. காலை ஏழரைக்கு வந்துவிடுவாள். அந்த நாட்டின் நான்கு நாளிதழ்கள், வானொலிச் செய்தி, நாடாளுமன்றப் பேச்சு எல்லாவற்றையும் படித்தும் கேட்டும், பத்து மணிக்கு இரண்டு பக்கச் சுருக்கமாக எல்லோருடைய மேசைக்கும் அனுப்ப வேண்டும். பக்கத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் 'மொழியாக்கம்' என்று போட்டு அவள் பெயர் இருக்கும். அந்த எறும்பு எழுத்தைப் பற்றி அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

அந்த மொழியை அவள் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. அப்பா எல்லைப் பாலத்துச் சுங்கச் சாவடியில் எழுத்தர். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் தூரம். பாலத்தைத் தாண்டினால் பத்து நிமிட நடையில் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம். பதினான்கு வயதுவரை அங்கேதான் படித்தாள். சித்தியை அக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தி மகன் இவளைவிட ஆறு வயது இளையவன். பாலத்தின் அந்த முனையில் லாரிகளுக்கு டயர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். இரண்டு மொழியும் பேசுவான். படிக்கத் தெரிந்தது அவன் ஊர் எழுத்து மட்டும். மாதம் ஒருமுறையாவது போன் செய்து, "உங்க பக்கம் ஏதாவது சண்டை கிண்டை வர மாதிரி இருக்கா அக்கா? டயர் வாங்கிப் போடலாமா, வேணாமா?" என்று கேட்பான். "நான் என்ன ஜோசியமா பார்க்கறேன்?" என்பாள். ஆனாலும் சொல்லுவாள்.

இயக்குநரை அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. நிறுவனம் தொடங்கிப் பத்தாவது வருடம் எல்லையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அக்கரைக்காரர்கள்தான் முதலில் சுட்டார்கள் என்று அரசு சொன்னது. யார் முதலில் சுட்டார்கள் என்பதற்கு இரண்டு பக்கமும் ஆதாரம் இல்லை என்று நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. மறுநாளே இரண்டு அதிகாரிகள் வந்து, எதிரி வானொலியை மொழிபெயர்த்தது யார் என்று கேட்டார்கள். அவள் எழுந்து நிற்கப் போனாள். இயக்குநர் கையைக் காட்டி உட்கார வைத்தார். "இங்க அச்சாகிற ஒவ்வொரு எழுத்துக்கும் நான்தான் பொறுப்பு. கேக்கறதை என்கிட்ட கேளுங்க" என்றார். அவர்கள் நான்கு மணி நேரம் அவரைக் கேள்வி கேட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பதில் சொன்னார். அன்று வீட்டுக்குப் போனதும் அவள் கணவரிடம், "மனுஷன்னா இவர் மனுஷன்" என்றாள். "நானும் இருக்கேன்மா இங்க" என்றார் கணவர்.

அதற்குப் பிறகு நிறுவனம் வளர்ந்தது. சொந்தக் கட்டடம், நான்கு மாடி. புதுக் கட்டடத்துக்கு மாறிய வாரம், நிர்வாகப் பிரிவிலிருந்து ஆளுக்கொரு காகிதக் கட்டு கொடுத்து, சும்மா சம்பிரதாயத்துக்கு என்று கையெழுத்து வாங்கினார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் படிக்கிறவள் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். நம் வீட்டில் நீட்டும் காகிதத்தை யார் படித்துப் பார்க்கிறார்கள்?

இயக்குநரின் அறை நான்காவது மாடிக்குப் போனது. அவளுடைய மேசை முதல் மாடியில், நூலகத்துக்குப் பக்கத்தில். எதிர் மேசையில் ஆற்று நீர் ஒப்பந்தங்களைப் பற்றி எழுதும் ஆய்வாளர் ஒருத்தி. எந்த வாக்கியத்துக்கும் கீழே மூன்று அடிக்குறிப்பு போடாமல் இருக்க மாட்டாள் என்பதால் அவளுக்கு அடிக்குறிப்பு என்றே பெயர். அவளுடைய பிரசவத்தின்போது அவள் கணவர் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உடன் இருந்தவள் அகராதிதான். குழந்தையை முதலில் கையில் வாங்கியதும் அவள்தான்.

அந்த வருடம் மழை தள்ளிப்போனது. ஆற்றின் மேல்பகுதி அக்கரை நாட்டில் இருந்தது, அணையும் அவர்களுடையது. இந்தப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் வருமா வராதா என்று எல்லோரும் பதைத்துக்கொண்டிருந்த நேரம். அக்கரை நாட்டின் நீர்வள அமைச்சர் அணையில் நின்று ஒரு கூட்டத்தில் பேசினார். அகராதி அந்த ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டாள். அவர் சொன்னது இதுதான்: "கீழே இருப்பவர்களின் விதைப்பு தொடங்கும் வரை தண்ணீரைப் பிடித்து வைத்திருப்போம்." இப்போது விட்டால் வீணாகக் கடலுக்குப் போகும், விதைக்கும்போது விடுகிறோம் என்று அர்த்தம். அவளுக்கு மனசு லேசானது. அப்படியே எழுதிப் பத்து மணிக்கு அனுப்பினாள்.

ஒன்பது நாள் கழித்துக் காலைப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கைக்காரர் நாளிதழை விரித்தார். கொட்டை எழுத்தில், 'தண்ணீரைப் பிடித்து வைத்திருப்போம்: அண்டை நாட்டு அமைச்சர் மிரட்டல்'. கீழே, சுதந்திரமான ஆய்வு நிறுவனம் ஒன்றின் அறிக்கை என்று அவளுடைய நிறுவனத்தின் பெயர்.

"சார், ஒரு நிமிஷம் குடுக்கறீங்களா?" என்று வாங்கிப் பார்த்தாள். சொல் எதுவும் மாறவில்லை. எல்லாம் அவள் எழுதிய சொற்கள்தான். வாக்கியத்தின் முன்பாதியைக் காணோம்.

"என்னங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று அவர் கேட்டார்.

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. நடந்தே போனாள்.

அடிக்குறிப்பு அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து வந்தாள். "அக்கா, அறிக்கையில நான் முழுசாத்தான் போட்டிருந்தேன். மேல போயிட்டு வந்தப்போ இப்படி ஆயிருந்துச்சு."

"மேலன்னா?"

அடிக்குறிப்பு கூரையைப் பார்த்தாள்.

இயக்குநர் அப்போது ஊரில் இல்லை. அரசு புதிதாக அமைக்கப்போகும் வெளியுறவு ஆலோசனைக் குழுவில் அவருக்கு ஓர் இடம் உண்டு என்று ஒரு மாதமாகவே பேச்சு. ஏதோ அச்சுப் பிழை, வந்ததும் திருத்திவிடுவார் என்றே அவள் நினைத்தாள். அவர் வருவதற்குள் நாடாளுமன்றத்தில் அந்த அறிக்கையைத் தூக்கிக் காட்டிப் பேசினார்கள். அரசு சொல்லியிருந்தால் நம்ப மறுக்கிறவர்கள்கூட, யார் பக்கமும் சாயாதவர்கள் சொல்கிறார்களே என்று நம்பினார்கள். நான்காம் நாள் எல்லைப் பாலம் மூடப்பட்டது.

அன்று மாலை சித்தி மகன் போன் செய்தான். வழக்கமாகப் பட்டறைச் சத்தம் பின்னால் கேட்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை.

"அக்கா, எங்க ரேடியோல உன் பேரைச் சொன்னாங்க."

"தம்பி, கேளு—"

"அமைச்சர் பேசினப்போ நான் அந்தக் கூட்டத்துலதான் நின்னுட்டு இருந்தேன். முழுசாக் கேட்டேன். பாதியை ஏன்க்கா விட்ட?"

"நான் விடலைடா. நான் முழுசா எழுதிக் குடுத்தேன்."

"உன் பேர்தானே போட்டிருக்கு?"

அறிக்கையின் அடியிலும், மொழியாக்கம் என்று போட்டிருந்தது அவள் பெயர்தான். "இங்க எல்லாருக்கும் நீ என் அக்கான்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அந்த மாதமும் அடுத்த மாதமும் அவனிடமிருந்து போன் வரவில்லை. இவள் செய்தால் எடுக்கவில்லை.

அக்கரை நாட்டுத் தூதரகம் சும்மா இருக்கவில்லை. முழு ஒலிப்பதிவையும் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது. நிறுவனம் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை நிறுவனத்தின் இணையதளத்தில் நான்கு வரி வருத்தக் குறிப்பு வந்தது. 'மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் கவனக்குறைவால் மேற்கோளின் ஒரு பகுதி விடுபட்டுவிட்டது. இனி அவருடைய பணி கூடுதல் கண்காணிப்புக்கு உட்படும்.'

கவனக்குறைவு என்ற சொல்லைக்கூட அவள் தாங்கியிருப்பாள். 'ஒருவரின்' என்பதை மட்டும் மறுபடி மறுபடி படித்தாள். இருபத்தோரு வருடம் எதிரே உட்கார்ந்தவளை, யாரோ ஒருவராக ஆக்கியிருந்தார்கள்.

நான்காவது மாடிக்குப் போனாள். இயக்குநர் எழுந்து வந்து அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"உங்க கோபம் நியாயம்மா" என்றார். "நான் இல்லைன்னு சொல்லலை."

"முன்பாதியை எடுத்தது யாரு சார்?"

"நான்தான்." தயங்கவே இல்லை. "அந்த அமைச்சர் பேச்சை நம்பறதுக்கு இல்லை. விதைப்பு வரைக்கும்னு சொல்லுவாங்க, விதைப்பு வந்ததும் வேற ஏதாவது சொல்லுவாங்க. அதோட, அமைச்சகத்துல ஒரு உறுதியான அறிக்கை எதிர்பார்த்தாங்க. குழுவுக்குள்ள நாம போய் உட்கார்ந்தாத்தானே நாளைக்கு நாலு நல்லது சொல்ல முடியும்?"

"அதை உங்க கருத்துன்னு எழுதியிருக்கலாமே சார். அவர் சொன்னதை ஏன் வெட்டினீங்க? வெட்டிட்டு, அதை நான் செஞ்சேன்னு ஏன் போட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படி யோசிங்க. என் பேர் கெட்டா இந்த நிறுவனமே போச்சு. அறுபது பேர் வேலை பார்க்கறாங்க. உங்க பேர்... தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பேர் வெளிய யாருக்கும்மா தெரியும்?"

வீட்டுக்குப் போகிற பேருந்தில்தான் அதற்கு ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டுப் பதில்கள் வந்தன. கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக எந்தக் கிண்டலும் செய்யவில்லை. "பேப்பர்காரங்ககிட்ட சொல்லு" என்றார். ஒரு நிருபரிடம் சொல்லவும் செய்தாள். அவர் ஆர்வமாகக் குறித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, "எங்க பத்திரிகையில உங்க இயக்குநர் வாராவாரம் எழுதறார் மேடம், ஆசிரியர் வேண்டாம்னுட்டார்" என்று வருத்தத்தோடு சொன்னார்.

நிறுவனத்தின் விதிப் புத்தகத்தில் பதினான்காவது விதி என்று ஒன்று உண்டு. ஓர் அறிக்கையோடு உடன்படாத ஊழியர் இருவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிறுவனத்தின் இதழில் ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட வேண்டும். கண்ணாடிக் கடை மாடியில் இயக்குநர் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, அதைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். "இது இல்லைன்னா நாமளும் இன்னொரு அரசாங்க ஆபீஸ்தான்" என்று அன்றைக்கு அவர் சொன்னார்.

ஒரு பக்கம் எழுதினாள். திட்டவில்லை, அழவில்லை. அமைச்சர் சொன்னது, தான் எழுதியது, தேதி, நேரம், அச்சில் வந்தது. அவ்வளவுதான். அடிக்குறிப்பிடம் காட்டினாள். படித்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. "நான் போடறேன் அக்கா. நான் போடாம யார் போடுவா? நாளைக்குப் போட்டுத் தரேன்" என்று காகிதத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, காகிதத்தை மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்தாள். ஆலோசனைக் குழுவுக்கு இயக்குநரோடு போகிற உதவி ஆய்வாளராக அவளைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று முதல் மாடிக்கே தெரிந்திருந்தது.

"குழந்தை சின்னது அக்கா" என்றாள்.

"தெரியும்" என்றாள் அகராதி. அந்தக் குழந்தையின் எடை, பிறந்த நிமிடம், அழுத சத்தம் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அன்று மதியம் வாகன நிறுத்தத்தில் அலுவலக ஓட்டுநர் அவளைப் பார்த்து, "என்னக்கா, மூஞ்சி செத்துப்போயிருக்கு?" என்றார். பின்னோக்கி ஓட்டுவதில் கில்லாடி என்பதால் அவருக்கு ரிவர்ஸ் என்று பெயர். பதினோரு வருடமாக அந்த நிறுவனத்தின் வண்டியை ஓட்டுகிறவர். அவள் சொன்னாள். எதற்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு அவர், "அந்த ரூல்ல ஊழியர்னுதானே இருக்கு? படிச்ச ஊழியர்னு இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்போ குடுங்க. நான் ஏழாவது ஃபெயிலு. கையெழுத்து மட்டும் நல்லா போடுவேன்."

"வேணாம். உங்களுக்கு ஏதாவது ஆயிடும்."

"அந்த அறிக்கை வர்றதுக்கு முன்னாடி அவரை விமான நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்க்கா. 'முன்பாதி வேணாம், எடுத்துடு, பின்பாதி மட்டும் போதும்'னு போன்ல சொல்லிட்டே வந்தார். எதைச் சொல்றார்னு இப்பதான் புரியுது. காதால கேட்டவன் போட்டா தப்பா?" என்று வண்டியின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார். உண்மையிலேயே அழகான கையெழுத்து.

காகிதத்தை நான்காவது மாடியில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு வாரம் அவள் நிம்மதியாக இருந்தாள். விதியைச் சொன்னவரே அந்த விதியை மீற மாட்டார் என்று நினைத்தாள்.

பதில் இருவருக்கும் தனித்தனி உறையில் வந்தது. பதினான்காவது விதி ஊழியர்களுக்கு மட்டுமே பொருந்தும். கையெழுத்திட்ட இருவரும், கட்டடம் மாறிய வாரத்தில் அவர்களே ஒப்புக்கொண்டபடி, வெளி முகமை ஒன்றின் ஒப்பந்தப் பணியாளர்கள். எனவே குறிப்பை அச்சிட இயலாது. ரிவர்ஸின் உறையில் இன்னொரு வரி இருந்தது. அவருடைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது.

அவள் அவரைத் தேடிக்கொண்டு ஓடினாள். வாகன நிறுத்தத்தில் வண்டிச் சாவியைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டு நின்றார். "பாருங்கக்கா, நீங்களும் நானும் இத்தனை வருஷமா இந்த ஆபீஸ்ல வேலையே பார்க்கலையாம். இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. தன்னைக் காட்டிக்கொடுத்தவர்கள்மேல் இருந்த கோபத்தைவிட, தன்னால் இந்த மனிதருக்கு வேலை போனதே என்ற வேதனை பெரிதாக இருந்தது.

அவள் மறுநாளே விலகினாள். மேசையைக் காலி செய்ய ஒரு துணிப்பை போதுமாக இருந்தது. அடிக்குறிப்பு எழுந்து பக்கத்தில் வந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அகராதி அவள் தோளை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். படியில் இயக்குநர் எதிரே வந்தார். "நீங்க இப்படிப் போறது எனக்கு வருத்தமா இருக்கு" என்றார். அது பொய்யில்லை என்று அவள் நினைத்தாள். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதற்காக எதையும் மாற்றிச் செய்யப்போவதில்லை.

ரிவர்ஸுக்கு அவள் கணவர் தெரிந்தவர் மூலம் ஒரு பள்ளிப் பேருந்தில் வேலை பார்த்துக் கொடுத்தார். அவளுக்கு ஒரு கண் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அக்கரை நாட்டிலிருந்து வேறு வழியாகச் சுற்றி வரும் நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் நின்று பேச வேண்டும். டாக்டர் ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு வாக்கியம். சில டாக்டர்களுக்கு அவள்மேல் சலிப்பு. "சுருக்கமாச் சொல்லுங்கம்மா" என்பார்கள். அவள் முழுசாகத்தான் சொல்வாள்.

விதைப்பு தொடங்கியபோது அக்கரை நாடு சொன்னபடியே அணையைத் திறந்தது. அதைப் பற்றி நிறுவனம் ஒரு வரியும் எழுதவில்லை. பாலத்தை மட்டும் உடனே திறக்கவில்லை. திறந்தால் தோற்றதாக ஆகிவிடும் என்று யாரோ நினைத்தார்கள். ஒன்பது மாதம் கழித்து, இதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வணிகப் பேச்சுவார்த்தையின் முடிவில் திறந்தார்கள்.

திறந்த இரண்டாவது வாரம் அவளும் கணவரும் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். பட்டறையின் பாதியில் இப்போது வேறு யாரோ பழைய மரச்சாமான் கடை வைத்திருந்தார்கள். காற்றடிக்கும் இயந்திரத்தைக் காணோம். சித்தி மகன் இளைத்திருந்தான். இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டான். டீ வாங்கி வந்தான். அத்தான் உடம்பு எப்படி இருக்கு, லிஃப்ட் வேலை எப்படிப் போகுது என்று கேட்டான். அவளிடம் நேராக எதுவும் கேட்கவில்லை.

அவள் பையிலிருந்து, அமைச்சர் பேச்சை எழுதிய அன்றைய சுருக்கத்தின் அச்சுப் பிரதியை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான். அது இக்கரை எழுத்து. அவனுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

"படிச்சுச் சொல்லு" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆதாரம் என்று இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்ததையும் அவளே மொழிபெயர்த்துத்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும். விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் காட்டி, அவன் மொழியில் மெதுவாகச் சொன்னாள். கீழே இருப்பவர்களின் விதைப்பு தொடங்கும் வரை. தேதியையும் அனுப்பிய நேரத்தையும் காட்டினாள். எண்கள் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்று. பத்து மணி, இரண்டு நிமிடம்.

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நீ சொன்னா சரிதான் அக்கா" என்றான்.

அவள் கணவருக்கு அந்த மொழி தெரியாது. "என்ன சொல்றான்? நம்பிட்டானா?" என்று குனிந்து கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் ஒரு லாரி வந்து பட்டறை வாசலில் நின்றது. பின் சக்கரத்தில் காற்று இல்லை. சித்தி மகன் எழுந்து, கைப்பம்பை எடுத்துக்கொண்டு போனான்.